அண்ணாச்சியின் பெரணிக்கு நான் பார்த்த வைத்தியம்

எனக்கு எல்லார் மேலும் பொறாமை வராது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் போய்க் கைகொடுத்துவிட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டு வருவேன். கூட வேலை பார்க்கும் வாத்தியாருக்கு விருது கிடைத்தபோது நான்தான் முன்னால் நின்று சால்வை போர்த்தினேன் (எனக்கு யாரோ போர்த்திய பழைய சால்வைதான், இருந்தாலும் போர்த்தினேன்). என்னிடம் இருந்த மொத்தப் பொறாமையையும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஒரு மனிதருக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் என் சகலை சங்கரலிங்கம் அண்ணாச்சி. என் மனைவி காந்திமதியின் அக்கா கோமதியைக் கட்டியவர்.

ஒரே வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதற்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். அதற்குப் பெயர்தான் சகலை உறவு. மாமனார் வீட்டுப் பந்தியில் அண்ணாச்சி இலையில் எத்தனை வடை, என் இலையில் எத்தனை வடை என்று என் கண் தானாகப் போகும். (எனக்கெல்லாம் போகாது என்று சொல்லும் சகலை யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன்.)

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி டவுனில் இரும்புக்கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், கம்பி. படிப்பு பத்தாவதோடு சரி. நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். எம்.எஸ்ஸி., பி.எட். நியாயமாகப் பார்த்தால் அவர்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அந்த நல்ல பழக்கம் அவரிடம் இல்லை. என்னைப் பார்த்தாலே முகமெல்லாம் சிரிப்பாக, "வாரும்வே வாத்தியாரே!" என்பார். அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போதாக்குறைக்கு வீட்டில் காந்திமதி. "அத்தான் வேட்டியப் பாத்தீகளா? காலைல கட்டினது, பொழுது சாயுற வரைக்கும் ஒரு கசங்கல் கெடையாது. கடைல இரும்புக்குள்ளதான் கெடக்காக. நீங்க கட்டினா வாசல் தாண்டுறதுக்குள்ள கைப்பிடித் துணியாயிருது."

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பல வருஷம் பொறுத்தேன். பெரணி விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை.

பெரணி தெரியும்தானே? அருவிப் பக்கம் பாறை இடுக்கில் சீப்புப் பல் மாதிரி இலை விட்டுத் தொங்கும். பூக்காது, காய்க்காது, சும்மா பச்சையாக இருந்தே நல்ல பேர் வாங்கிவிடும். ஒரு வருஷம் சாரல் சமயத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் குற்றாலம் போனோம். திரும்பும்போது ரோட்டோரச் செடிக்கடையில் அக்கா ஒரு பெரணித் தொட்டி எடுத்தாள். அக்கா எடுத்தால் தங்கச்சி எடுக்காமல் இருப்பாளா? ஒரே கடை, ஒரே வரிசை, ஒரே அளவுத் தொட்டி. எது யாருடையது என்று குழம்பிப்போய், காந்திமதி எங்கள் தொட்டியில் தலைமுடி ரப்பரை மாட்டி அடையாளம் வைத்தாள்.

சும்மா வந்திருக்கலாம். உயிரியல் வாத்தியார் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சும்மா வருவது? வேனில் ஏறியதும் நான் பெரணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றி ஆரம்பித்தேன். ஆலங்குளம் தாண்டுவதற்குள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் முன்சீட்டில் இருந்து திரும்பி உட்கார்ந்து, "அப்படியாவே? ஆச்சரியம்தான்!" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டு வந்தார். என்ன சொன்னேன் என்று வீடு வந்து சேர்வதற்குள் எனக்கே மறந்துவிட்டது.

செடி என்றால் வெயில் வேண்டும். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவனுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? எங்கள் தொட்டியை மொட்டைமாடியில் நட்ட நடுவில் வைத்தேன். பாளையங்கோட்டை மொட்டைமாடியில் வடகமே இரண்டு நாளில் காய்ந்துவிடும். போர்த் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, அதில் பருப்புகூட வேகாது. இலை நுனியெல்லாம் கருகியது. சத்துப் பற்றவில்லை என்று முடிவு கட்டி, ஒரு கை யூரியாவை அள்ளிப் போட்டேன். மூன்றாவது வாரம் காந்திமதி தொட்டியை மாடியிலிருந்து இறக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது செடியா, வெளக்கமாறா?"

"கடைக்காரன் சீக்குச் செடியக் குடுத்து ஏமாத்திட்டான்."

"அதே கடைலதான அத்தானும் வாங்கினாக?"

தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டேன்.

அண்ணாச்சி வீடு அடுத்த தெருவில்தான். அங்கே பெரணியை வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம், நேர்வெயில் படாத இடத்தில் வைத்திருந்தார். அடியில் ஒரு தட்டு, தட்டில் கூழாங்கல், கூழாங்கல் முங்காமல் தண்ணீர். அந்த ஈரத்துக் காற்று இலையில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். மண்ணோடு மக்கின இலையும் தேங்காய் நார்த்தூளும் கலந்திருந்தார். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை இதற்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைப்பார். வேட்டிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் காலையும் மாலையும் இலைக்குப் புகை மாதிரி அடிப்பார். (வேட்டி கசங்காத ரகசியமும் அந்தப் பாட்டில்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.)

செடி வளர்ந்தது பாருங்கள்! தொட்டி தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. வருகிறவர்களெல்லாம் செடியின் முன்னால் நின்று, "என்ன குளிர்ச்சி, என்ன குளிர்ச்சி" என்றார்கள். நான் போகும்போதெல்லாம் யாரும் பார்க்காத சமயம் இலையைக் கிள்ளிப் பார்ப்பேன், பிளாஸ்டிக்காக இருந்துவிடாதா என்று. அக்னி நட்சத்திரம் பிறந்தால் ஊரே புலம்பும், எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை துளிர்க்கும். கத்திரி முடிந்து போய்ப் பார்த்தால் செடி இன்னும் ஒரு சாண் கூடியிருக்கும். ஒருநாள் காந்திமதியின் செல்போனை எடுத்தேன். முகப்பில் எங்கள் கல்யாணப் படம் இருந்த இடத்தில் அண்ணாச்சியின் பெரணி தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போனது. அப்புறம்தான் அண்ணாச்சியும் கோமதி மதினியும் காசிக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு நாள் யாத்திரை. கிளம்புகிற அன்று காலையில் தொட்டியை அண்ணாச்சியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, இதைப் பாத்துக்கிட உம்மள விட்டா யாருவே இருக்கா? படிச்சவரு."

"எங்கிட்ட விட்டுட்டீங்கள்லா அண்ணாச்சி, நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"தண்ணி மட்டும் போதும். ஆத்துத் தண்ணி. வேற ஒன்னும் செய்யாதீரும்." வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "வேற ஒன்னும் வேண்டாம்வே."

இரண்டாவது தடவை சொன்னதுதான் என்னைச் சுட்டது. இரும்புக்கடைக்காரர் எம்.எஸ்ஸி.க்குச் செடி வளர்க்கப் பாடம் எடுக்கிறாரா?

மதினி போகிற போக்கில், "தம்பி, அது அவுகளுக்கு உசுரு கேட்டீகளா. எனக்குக் காய்ச்சல்னாகூட இப்படிப் பக்கத்துல இருந்து பாக்க மாட்டாக" என்றாள். அண்ணாச்சியிடம் பட்டன் போன்தான், அதில் படமெல்லாம் வராது. மதினி தன்னுடைய பெரிய போனை ரயிலில் தொலைந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போன் மட்டும் அவள் கையில் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

முதல் இரண்டு நாள் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் பள்ளி விடுமுறை. சாவகாசமாக ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளி! ஒன்று இரண்டு இல்லை, வரிசை வரிசையாக, தையல் போட்ட மாதிரி. இன்னொரு இலையைத் திருப்பினேன், அதிலும். எல்லா இலையிலும்.

என் மனசில் முதலில் வந்தது என்ன என்று சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். பெருகி வந்த சந்தோஷம். இரண்டு வருஷமாக ஊரே மெச்சிய செடிக்கு அடியில் செதில்பூச்சி! "காந்திமதீ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள்.

"பாரு, உங்க அத்தான் வளத்த லட்சணத்த. பூராவும் பூச்சி."

அவள் குனிந்து பார்த்தாள். "பூச்சின்னா இப்படி வரிசையாவா உக்காரும்?"

"பூச்சிக்கும் ஒழுக்கம் உண்டு" என்றேன்.

"எதுக்கும் அத்தான் வரட்டும். தண்ணி மட்டும்னு சொல்லிட்டுல்லா போனாக."

"நீ எம்.எஸ்ஸி.யா, நான் எம்.எஸ்ஸி.யா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அடுத்த யோசனை வந்தது. இந்தச் செடியை நான் காப்பாற்றிவிட்டால்? அண்ணாச்சி வளர்த்தார், கோட்டை விட்டார். வாத்தியார் வந்தார், பிழைக்க வைத்தார். ஊர் எப்படிப் பேசும்! மாமனார் இருபது வருஷமாக என்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மூத்த மாப்பிள்ளையைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது. இதுதான் சமயம் என்று, புள்ளிகளைப் படம் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதியது வருமாறு: "அண்ணாச்சியின் பெரணியில் கடுமையான பூச்சித் தாக்குதல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. யாரும் பதற்றப்பட வேண்டாம். சிகிச்சை தொடங்கிவிட்டது."

ஐயோ, அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை! கைகூப்பும் படமாக வந்து குவிந்தது. மாமனார், எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, "மாப்ளை இருக்கையில் என்ன கவலை" என்று போட்டிருந்தார். அதை ஏழெட்டுத் தடவை படித்தேன். அண்ணாச்சியின் ஒரே மகள் அபிராமி மதுரையில் காலேஜ் விடுதியில் இருந்தாள். அவள் மட்டும், "சித்தப்பா, அப்பா வரட்டுமே, அதுவரைக்கும் தொடாம வைக்கலாமா?" என்று கேட்டிருந்தாள். "நோய் அப்பாவுக்காகக் காத்திருக்காது" என்று பதில் போட்டேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

சிகிச்சை தொடங்கியது. நடுவீட்டில் நியூஸ்பேப்பரை விரித்து, தொட்டியை வைத்து, என் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கையால் இலையைத் திருப்பிப் பிடித்து, இன்னொரு கையால் சுரண்டினேன். புள்ளி உதிர்ந்து பேப்பரில் காப்பித்தூள் மாதிரி விழுந்தது. விழ விழ எனக்கு உற்சாகம். எல்லாம் பூச்சி முட்டை! பேப்பரை மடக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினேன். தப்பித்தவறி ஒன்றுகூடப் பிழைத்துவிடக் கூடாது என்று மேலே ஒரு செம்பு வெந்நீரும் ஊற்றினேன். மாலையில் குழுவுக்குச் செய்தி: "இன்று பதினெட்டு இலைகள் சுத்தம் செய்யப்பட்டன. நோயாளி ஒத்துழைக்கிறார்."

ஐந்து நாள் சுரண்டினேன். பள்ளிவிட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். அதோடு விட்டேனா? பூச்சி திரும்ப வராமல் இருக்க வேப்பெண்ணெயில் துணி சோப்பைக் கரைத்து, இலை முழுக்கப் பூசினேன். எண்ணெய் காய வேண்டுமே. சூரியனைவிடச் சிறந்த கிருமிநாசினி உண்டா? மறுநாள் காலையில் மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே வாடை வந்தது. வேப்பெண்ணெயில் எதையோ வறுத்த வாடை. இலையைத் தொட்டேன், அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். காந்திமதி மேலே வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அக்காகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேச?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. கருகிய இலையை எல்லாம் கத்தரித்தேன். கத்தரிக்கக் கத்தரிக்கத் தொட்டி நிறையக் குச்சிதான் மிச்சம். காசிக்குப் போனவர்கள் அவர்கள், மொட்டை போட்டது இங்கே. குழுவில், "சிகிச்சை நிறைவடைந்தது. நோயாளி ஓய்வில் இருக்கிறார்" என்று போட்டுவிட்டுச் செல்போனை அணைத்து வைத்தேன்.

காசிக்குப் போய் வந்தால் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு கங்கைச் சொம்பு கொடுப்பது வழக்கம். அண்ணாச்சி வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்பது பேர். அத்தனை பேரும் குழுவில் இருப்பவர்கள். அத்தனை பேருக்கும் பிழைத்த செடியைப் பார்க்க வேண்டும். தொட்டியை ஒரு பெரிய துண்டால் மூடி, இடுப்பில் ஏந்திக்கொண்டு உள்ளே போனேன். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க டாக்டர்!" என்றார். இருபது வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த மரியாதை, அந்த நேரம் பார்த்தா வரணும்?

அண்ணாச்சி குளித்து, விபூதி பூசி, கசங்காத வேட்டியில் நின்றார். "வாரும்வே! எங்க நம்ம பிள்ள?" என்று துண்டை எடுத்தார்.

அடுப்படியில் சாம்பார் கொதிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

அண்ணாச்சி தொட்டியைச் சுற்றிப் பைய ஒரு நடை நடந்தார். குனிந்து பார்த்தார். "பூச்சின்னு சொன்னாங்க எல்லாரும். என்ன பூச்சிவே?"

"எலைக்கு அடியில அண்ணாச்சி. பழுப்புப் புள்ளி, வரிசை வரிசையா."

"அந்தப் புள்ளி எங்க இப்ப?"

இதற்காவது பாராட்டு வரும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. "பூராவும் சுரண்டி எடுத்துட்டேன் அண்ணாச்சி. ஒன்னு விடல. வெந்நி ஊத்திக் கொன்னுட்டேன்."

அண்ணாச்சி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு செங்கல், அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிப் பாத்திரம். இன்னொரு கையில் நாலாக மடித்த ஒரு தினசரிக் காலண்டர் தாள். அதைப் பிரித்து என்னிடம் நீட்டினார். தேதிக்குப் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: "பெரணிக்கு விதை கிடையாது. நல்லா வளர்ந்தால் இலைக்கு அடியில் வரிசையாய்ப் பழுப்புப் புள்ளி வரும். அதில் உள்ள தூள்தான் விதை போல. ஈரச் செங்கல்லில் தூவி மூடி வைத்தால் குட்டிச் செடி வரும். தம்பி சொன்னது, குற்றால வேனில்."

"நீரு சொன்னதுதானவே" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு வருசமா அந்தப் புள்ளிக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். போன மாசந்தான் லேசா எட்டிப் பாத்துச்சு. பூஞ்சை புடிக்காம இருக்க செங்கல்லக்கூட வெந்நில அவிச்சு வச்சிட்டுத்தான் ரயிலேறுனேன். உம்ம செடி போனதுல இருந்து நம்ம ஜன்னலப் பாக்கும்போதெல்லாம் நீரு முகம் வாடிப் போவீரு. மொதக் குட்டிய உமக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். சொல்லாம வச்சிருந்து குடுப்போம்னு..."

வருஷத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் புள்ளிகளைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிக்கிறவன் நான். ஐந்து மதிப்பெண் கேள்வி அது. ஆனால் வரைந்ததெல்லாம் வெள்ளைச் சாக்பீஸில். நிஜத்தில் பழுப்பாக இருக்கும் என்று யார் கண்டது? (இந்தச் சமாதானத்தை அன்றைக்கே சொல்லிப் பார்த்தேன். காந்திமதி என் தொடையில் கிள்ளிய அடையாளம் ஒரு வாரம் இருந்தது.) அவர் எனக்காக வளர்த்ததை நான்தான் சுரண்டிச் சுரண்டிச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். நாற்பது பேர் முன்னால், "அண்ணாச்சி, என்னைய நாலு வார்த்தை ஏசிருங்க" என்றேன்.

"ஏசக் கூடாதுவே" என்றார் அவர் வருத்தமாக. காசிக்குப் போனால் ரொம்பப் பிடித்த ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா? "பலாப்பழத்த விட்டேன். கூட ஒன்னு விடணும்னு தோணுச்சு, கோவத்தயும் விட்டுட்டு வந்துட்டேன்."

"விட்டு நாலு நாள்தான் ஆகுது, அதான் வாத்தியாரு தப்பிச்சாக" என்றாள் மதினி. யாரோ சிரித்தார்கள். மாமனார்தான். அப்புறம் வீடே சிரித்தது.

எனக்கு அந்த அவமானத்திலும் ஒரு பொறாமை வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மனுஷன் கோபத்தை விடுவதில்கூட என்னை முந்திவிட்டாரே!

அபிராமி தொட்டிப் பக்கம் குனிந்து நோண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அப்பா! இங்கன ஒரு எலை இருக்குப்பா!" என்று கத்தினாள். தொட்டியின் அடிப்பாகத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒரு இலை மடங்கிச் சிக்கியிருந்தது. பிரஷ் படாமல், எண்ணெய் படாமல், வெயில் படாமல். மெதுவாக எடுத்துத் திருப்பினாள். அடியில் இரண்டு வரிசை, அத்தனையும் பழுப்புப் புள்ளி. பார்க்கலாம் என்று நானும் கையை நீட்டினேன்.

"கைய எடும்வே!" என்று போட்டார் பாருங்கள் அண்ணாச்சி ஒரு சத்தம், கங்கைச் சொம்பெல்லாம் அதிர்ந்தது. காசியில் விட்ட கோபம் அன்றைக்கு ஒரே ஒரு நொடி திரும்பி வந்துவிட்டுப் போனது.

அபிராமிக்கு இடது கன்னத்தில் ஒரு பழுப்பு மச்சம் உண்டு. அவள் அதைச் சட்டென்று கையால் பொத்திக்கொண்டு, "சித்தப்பா, இது பூச்சி இல்ல, மச்சம். சுரண்டிராதீங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் மச்சம் உள்ள யாரும் என்னை நேராக நின்று வரவேற்றது கிடையாது. கன்னம், கழுத்து, முழங்கை என்று அவரவர் இடத்தைப் பொத்திக்கொண்டுதான் "வாங்க" என்பார்கள். மாமனாருக்கு முதுகில் மச்சம். நான் போனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஒற்றை இலையை அண்ணாச்சி வெள்ளைத்தாளில் வைத்துத் தூளை உதிர வைத்து, செங்கல்லில் தூவினார். இரண்டு மாதத்தில் செங்கல் பச்சை பூசிக்கொண்டது. அப்புறம் அதிலிருந்து நகக்கண் அளவில் குட்டிகள். பிழைத்தவை மூன்று. முதல் குட்டியை, சொன்னபடியே, எனக்குத்தான் கொடுத்தார். மொட்டையடித்த தாய்ச்செடியும் மழை பெய்ததும் சுருட்டிக்கொண்டிருந்த குருத்தையெல்லாம் நீட்டி, பழையபடி ஜன்னலை மறைத்துவிட்டது. என் குட்டியை வடக்கு ஜன்னலில் கூழாங்கல் தட்டில் வைத்து, ஆற்றுத் தண்ணீர் மட்டும் தெளிக்கிறேன். வேறு ஒன்றும் செய்வதில்லை. பள்ளியில் அந்தப் பாடம் வந்தால் புள்ளிகளை ஆரஞ்சுச் சாக்பீஸில் வரைகிறேன். பழுப்பு கடையில் கிடைப்பதில்லை.

போன தை மாதம் அபிராமிக்குக் கல்யாணம். மேடையில் பூ அலங்காரத்தோடு இரண்டு பக்கமும் பெரணித் தொட்டி வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஒரு பக்கம் அண்ணாச்சியின் தாய்ச்செடி, இன்னொரு பக்கம் என் செடி. வேட்டி கசங்காமல் (அந்தப் பாட்டில் இப்போது எங்கள் வீட்டிலும் இருக்கிறது) பெருமையாக மேடையேறி, மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போனேன். மாப்பிள்ளைக்கு மதுரைப் பக்கம். என்னை அதுவரை பார்த்ததே இல்லை. அவருக்குத் தாடையில் ஒரு மச்சம். நான் கிட்டே போனதும் அபிராமி அவர் காதில் ஏதோ சொன்னாள். பட்டுவேட்டி மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாடையைப் பொத்திக்கொண்டார். போட்டோக்காரர் அதைத்தான் எடுத்தார். ஆல்பத்தில் முழுப்பக்கம். சம்பந்தி வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது, ஆக இப்போது கதை மதுரை வரைக்கும் போய்விட்டது.

அதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தப் படத்தில் இரண்டு தொட்டியும் விழுந்திருக்கின்றன. ஆல்பம் கைக்கு வரும்போதெல்லாம் யாரும் பார்க்காமல் விரலை வைத்து அளந்து பார்க்கிறேன். அண்ணாச்சியுடையது என்னுடையதைவிட இரண்டு விரல்கடை கூட இருக்கிறது. போட்டோக்காரர் கேமராவைச் சாய்த்துப் பிடித்துவிட்டார் என்று காந்திமதியிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.